தலையணையின் மறுபக்கம்

போர்ட் ஃபுவாதிலிருந்து சூயஸ் கால்வாயைக் கடக்கும் படகில் ஏறியபோது அன்றைய கனவு இன்னும் என் இமைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கரை போய்ச் சேருவதற்குள் அதைத் தொலைபேசியில் எழுதிவிடுவேன். இறங்கிவிட்டால் பள்ளிக்கூடம், மணியோசை, சுண்ணக்கட்டி. கனவு உப்புபோலக் கரைந்துவிடும். படகைச் சுற்றி வெள்ளைப் பறவைகள் காற்றில் நகராமல் நின்றன. 'தலையணையின் மறுபக்கம்' என்று பெயரிட்ட அந்த இணையக் கணக்கில் என் பெயர் இல்லை, முகம் இல்லை. பூட்டிய கணக்கு. உள்ளே சிலர்தான் இருந்தார்கள், எனக்கு அவர்களில் யாரையும் தெரியாது.

கனவை நம்மை நேசிப்பவரிடம் மட்டுமே சொல்லவேண்டும் என்பது எங்கள் வழக்கம். கேட்பவர் முதலில் 'கைர்' என்பார், நல்லதாகவே அமையட்டும் என்று. அதைக் கேட்டபின்தான் சொல்லத் தொடங்குவோம். திருமணமான புதிதில் என் கணவர் இஹாப் கண்ணை மூடியபடியே 'கைர்' சொல்வார். பிறகு அது ஒரு முனகலாயிற்று, பிறகு அதுவும் நின்றது. கோபமொன்றும் இல்லை, அவருக்குக் காலையில் வேறு வேலைகள் இருந்தன. என்னை நேசிப்பவர் யாரென்று உறுதியாகச் சொல்லத் தெரியாததால், நான் யாரென்றே தெரியாதவர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் யாராவது ஒருவர் 'கைர்' என்று எழுதியிருப்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அன்றைய நாளைக் கடத்திவிடுவேன்.

"ரீஹாம், துடைச்சிட்டியா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் நஷ்வா. மூன்றாம் வகுப்பு ஆசிரியை.

"எத?"

"உன் பக்கத்தத்தான். நான் நேத்தே என் கல்யாணத்துல ஆடுன வீடியோ எல்லாத்தையும் தூக்கிட்டேன். இப்ப வெண்டைக்காய்க் குழம்பும் ஜும்ஆ வாழ்த்தும்தான் இருக்கு. என்னைக் கட்டுனவனே பார்த்தா, யாரு இந்தப் பொம்பளைன்னு கேப்பான்."

கோடையில் கடற்கரையில் எடுத்த ஒரு படத்துக்காக ஓவிய ஆசிரியையைப் பற்றிப் பெற்றோர்கள் புகார் செய்திருந்தார்கள். அவள் வேலைக்கு வருவது நின்றுபோனது. அதன்பிறகுதான் இந்த ஏற்பாடு: ஒவ்வொருவரும் தலைமையாசிரியையின் அறைக்குப் போய், அவர் கண்முன்னால் தங்கள் கணக்குகளைத் திறந்து காட்டவேண்டும். காட்டாதவருக்கு அடுத்த ஆண்டு வேலை இல்லை. என் மகள் லுஜைனும் அதே பள்ளியில் படித்தாள். எனக்கு வேலை போனால் அவளுடைய இடமும் போய்விடும்.

தலைமையாசிரியையை அப்லா இன்ஷிராஹ் என்றுதான் எல்லோரும் அழைப்போம்; ஆசிரியையை மரியாதையாக அழைக்கும் சொல் அப்லா. திருமணம் செய்துகொள்ளாதவர். முக்காட்டிலிருந்து ஒரு முடி விலகி யாரும் பார்த்ததில்லை. அன்று என் முறை வந்தபோது, பின்னல் உறை போட்ட மேசையில் எனக்காக ஒரு தேநீரும் வைத்திருந்தார். சோதனைபோலத் தெரியக்கூடாது என்பதற்காக இருக்கலாம். என் பெயரில் இருந்த கணக்கைத் திறந்து கொடுத்தேன். லுஜைனின் பிறந்தநாள், பெருநாள் பலகாரம், பூனை. அவர் கட்டைவிரல் ஏதோ ஓரிடத்தில் கொஞ்சம் அதிகமாக அழுந்தியது. திரையின் அடியில் இரண்டாவது கணக்கின் வட்டம் எழும்பியது. படகில் கனவை எழுதியவள் அதிலிருந்து வெளியே வர மறந்திருந்தேன்.

"இது யாரு?"

"அதுவும் நான்தான், அப்லா."

"பூட்டி வச்சிருக்க?"

"கனவுங்க மட்டும்தான்."

"திறந்து வை, இல்லன்னா அழிச்சிடு. எல்லாருக்கும் சொன்னதுதான் உனக்கும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். என் படுக்கையில் யாரோ காலணியோடு ஏறி நடப்பதுபோல இருந்தது. நான் வளர்க்காத குதிரைகள், எனக்குப் பிறக்காத மகன், தண்ணீருக்கடியில் இருந்த எங்கள் சமையலறை, எல்லாம் அவர் விரலுக்குக் கீழே மேலேறிப் போயின. ஏப்ரல் வெயிலில் எழுதிய ஒன்று நெருங்குவதை நினைத்தபோது என் கை தேநீர்க் குவளையைத் தேடியது. அவர் விரல் நின்றது. அந்தப் பதிவில் என்ன இருந்தது என்று எனக்கு மனப்பாடம்.

'எங்கள் தலைமையாசிரியை படகின் விளிம்பில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். கூந்தல் அவிழ்ந்து இடுப்புவரை ஈரமாகக் கிடந்தது. பின்னால் ஒரு ஆண் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவசரமே இல்லை. படகு கரை சேரவில்லை. யாருக்கும் அது குறையாகவும் தோன்றவில்லை.'

அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய கூந்தலை அவிழ்த்து, முகம் தெரியாதவர்களின் நடுவில் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. லுஜைனை வேறு எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

"கைர்," என்றார் அப்லா, மிகவும் தாழ்ந்த குரலில்.

வாய் தவறி வந்திருக்கலாம். ஆனால் அதைச் சொன்னதும் எங்களுக்கு நடுவே இருந்த மேசை கொஞ்சம் சுருங்கிவிட்டது.

"அவன் முகத்தப் பார்த்தியா?"

'பார்த்தேன்' என்று சொல்லியிருக்கலாம். எந்த முகத்தைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும் கண்களோடு அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொய்யில் என் வேலை பத்திரமாகியிருக்கும்.

"இல்ல அப்லா. அவன் குனிஞ்சே இருந்தான்."

"சிக்கெடுக்கும்போது… எனக்கு வலிச்சுதா?"

"நீங்க கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க."

கதவு தட்டப்பட்டது. "அப்லா, வரலாமா? நான் ரொம்ப நல்ல பொண்ணா வந்திருக்கேன்," என்றாள் நஷ்வா வெளியிலிருந்து.

"இரு," என்றார் அப்லா. அந்தக் குரல் பழைய குரல்தான். கண்கள் திரையை விட்டு எழவில்லை. "இத எல்லாரும் பாக்குற மாதிரி திறக்க முடியாது."

"அப்ப அழிச்சிடட்டுமா?"

நான் கை நீட்டினேன். அவர் தொலைபேசியைத் தரவில்லை. திரை தானாக மங்கி இருண்டது. அவர் அதைத் தட்டி எழுப்பினார், மறுபடி மங்கவிட்டார். ஜன்னலுக்கு அப்பால் ஒரு பெரிய கப்பல் வீடுகளின் கூரைக்கு மேலாக, நகரமே நகர்வதுபோல, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்லா இன்ஷிராஹின் மறுகை மெதுவாகக் கழுத்துக்குப் பின்னால் போய், முக்காட்டின் விளிம்புக்குள் நுழைந்து, அங்கே ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.