மூன்றாவது சரணம்

"பாலிந்த், தபால்காரன் பாட்டுல மூணாவது சரணம் எப்படி ஆரம்பிக்கும்?"

"ஆயிரம் தடவை பாடியிருக்கே. என்னை எதுக்குச் சோதிக்கிறே?"

"சும்மா சொல்லேன்."

"காபிகூடக் குடிக்க விடாம ஆரம்பிச்சுட்டியா? உன் நடிப்பையெல்லாம் டிக்கெட் வாங்கினவங்ககிட்ட வெச்சுக்கோ."

வியாழக்கிழமை காலை கணவனோடு நடந்த அந்தப் பேச்சு, ஞாயிறு மாலை திரைக்குப் பின்னால் நின்ற எதெல்காவின் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அவன் சிரித்தான், அவளும் சிரித்துவைத்தாள். இருபத்தாறு வருடங்களாக புடாபெஸ்டைச் சிரிக்கவைத்தவள், பயமாக இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? இசை நாடகங்களில் வாயாடி வேலைக்காரியாக வந்து கைதட்டல் வாங்கியவள். ஐம்பதைத் தொட்ட பிறகு, சிரிப்புப் பாட்டும் துணுக்குமாக ஓடும் இந்தச் சின்ன காபரே. எங்கே போனாலும் பியானோவில் பாலிந்த்தான்.

அந்த வியாழக்கிழமை ஆட்டத்தில் மூன்றாவது சரணம் வரவேயில்லை. பாடுகிறவர் வாயைத் திறக்கும் வரை பியானோக்காரர் ஒரு சின்னத் துண்டையே சுற்றிச் சுற்றி வாசிப்பது வழக்கம். பாலிந்தும் வாசித்தான். நான்கு சுற்று. ஐந்து. அவள் விளக்கு வெளிச்சத்தில் விழித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்று கேட்டாள். நிஜமாகத்தான் கேட்டாள். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

முதலாளி விர்ஜில் ஓடிவந்து அவள் கையில் முத்தமிட்டார். "கலையரசி, இந்தச் சரக்கை இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? என் பொண்டாட்டி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி ஆட்டத்துலயும் இதேதான் வேணும்."

"முன்னாடியே சொல்லக்கூடாதா? நல்லவேளை, நான் புரிஞ்சுக்கிட்டேன்" என்றான் பாலிந்த், பெருமையாக.

அவனிடம் கேட்க ஒரு வருடமாக அவளுக்குள் ஒன்று இருந்தது. அன்றும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும்.

இன்று கையுறைக்குள், உள்ளங்கையில், அந்தச் சரணத்தின் முதல் வரியை எழுதி வைத்திருந்தாள். நான்கு சுற்று மறந்ததுபோல் நிற்க வேண்டும், ஐந்தாவதில் பாட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு சரணங்கள் ஒழுங்காகப் போயின. பியானோ சுற்றத் தொடங்கியது. நான்காவது சுற்றில் கையுறையைக் கழற்றினாள். எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது எந்தப் பாட்டின் வரி, அதை ஏன் எழுதினாள் என்று தெரியவில்லை. உள்ளங்கையையே பார்த்தாள். சபை சிரித்தது. கதவு எந்தப் பக்கம் என்று தேடினாள். இன்னும் பலமாகச் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெரிந்த ஒரே முகத்தை நோக்கி நடந்தாள்.

"பிரமாதம்" என்று முணுமுணுத்தான் பாலிந்த், விரல்களை நிறுத்தாமல். "இன்னும் ரெண்டு சுத்து இழு."

அவள் அவனுடைய இரண்டு கைகளையும் கட்டைகளோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். பியானோ நின்றது. அவள் விரல்கள் சில்லிட்டிருந்ததை உணர்ந்து அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல மறைந்தது.

"நான் நடிக்கல, பாலிந்த். எனக்கு எல்லாம் மறந்து போயிட்டிருக்கு. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்."