நிமிடத்துக்கு அறுபது

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆயிரத்து இருநூறு பெண்கள். அத்தனை பேருடைய இடது காலும் என் வலது கையில் இருந்தது. பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள், பேண்டு வாத்தியத்தில் அதுதான் சட்டம். நான் அடிக்கிற பேஸ் டிரம் 'டம்' என்றால் இடது கால் தரையில் விழ வேண்டும். நடுவில் சைடு டிரம்காரிகள் எதை வேண்டுமானாலும் பொரித்துக்கொள்ளட்டும். கால் என்னுடையது. வீட்டில் டி.வி. ரிமோட்டைக்கூட என்னிடம் தரமாட்டார்கள்.

பதினொன்றாம் வகுப்பு அல்ஷிஃபா என்றால் "எந்த அல்ஷிஃபா?" என்றுதான் கேட்பார்கள். டிரம் அல்ஷிஃபா என்று சொன்னால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். டிரம்மை மாட்டிக்கொண்டு அடித்தால் சத்தம் காதுக்குப் போவதற்குள் நெஞ்சுக்கூட்டுக்குள் போய்விடும். இருபது அடிக்குள், கண் திறந்திருக்கும்போதே, மைதானத்துப் புழுதி தண்ணீராகும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில், தண்ணீர் மேலேயே நாங்கள் வரிசையாக நடந்துகொண்டிருப்போம். வெள்ளை ஷூ நனையாது. எந்தப் பக்கம் போகட்டும் என்று ஆறே என்னைக் கேட்கும். இரு, யோசித்துச் சொல்கிறேன் என்பேன். அது பொறுமையாகக் காத்திருக்கும். அங்கே யாருக்கும் அவசரம் கிடையாது.

அங்கே போனதும் என் கைக்கும் அவசரம் போய்விடும், அதுதான் வம்பு. அணிவகுப்புக்கு நிமிடத்துக்கு அறுபது அடி. என் கனவுக்கு ஐம்பதுதான்.

ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின நாள் ஒத்திகையில் அப்படித்தான் ஆனது. சிறப்பு விருந்தினருக்குப் பதிலாக ஹெச்.எம். மேடையில் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றார். கடைசி வரிசை தாண்டும்வரை கையை இறக்கக் கூடாது. நான் முக்கொம்புக்குப் போய்விட்டேன். மொத்தப் பள்ளிக்கூடமும் அன்னநடை நடந்தது. கடைசியில் ஹெச்.எம். இடது கையால் வலது கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

பி.டி. மிஸ் சித்ராதேவி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "நீ தூங்கு, வேணாங்கல. ஸ்கூலையே ஏன்டி தூங்க வெக்கிற?"

"சாரி மிஸ்."

"உன் சாரியக் கொண்டுபோய்க் கொள்ளிடத்துல போடு. நாளைக்கு ஒரே ஒரு அடி இழுத்தாலும் டிரம் ஜாஸ்லினுக்கு. இந்த வருஷம் மட்டுமில்ல, நீ ஸ்கூல விட்டுப் போற வரைக்கும்."

ஜாஸ்லின் சைடு டிரம் லீடர். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து சீட். கடிகாரம் தப்பினாலும் அவள் கை தப்பாது. ஒன்பதாவதிலிருந்தே இந்த டிரம் மேல் அவளுக்கு ஒரு கண். அதை மறைத்ததும் கிடையாது. "எடுத்துக்கோயேன், இப்பவே!" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். டிரம் போய்விட்டால் நான் மறுபடியும் எந்த அல்ஷிஃபாவோ ஆகிவிடுவேன்.

என் அத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். மறுநாள் காலையில் கிளம்பும்போது என் கையில் நாலு கிராம்பு வைத்தார். "கண்ணு சொக்குச்சுன்னா ஒன்னக் கடி. நான் அதான் பண்றேன்."

ஜனவரிப் பனி எட்டரை மணிக்கும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. எதிர்ச் சுவரே தெரியவில்லை. அப்போதே எனக்குப் பயமாக இருந்தது. கிராம்பைக் கடித்தேன். நாக்கு எரிந்தது. டம், டம். முன்னால் நடக்கிறவளின் குதிகாலை மட்டும் பார்த்தேன். அறுபது. சரியாக அறுபது.

மேடைக்கு முன்னால் வந்ததும் பேண்டு மட்டும் விலகி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்ள வேண்டும். எல்லா வகுப்பும் கடந்து போகும்வரை நின்ற இடத்திலேயே வாசிக்க வேண்டும். நின்றோம். பார்ப்பதற்குக் குதிகால் இல்லை, பனிதான் இருந்தது. பனிக்குள்ளிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வந்தது.

அவ்வளவுதான். காவிரிப் பாலம் வந்துவிட்டது. பாலத்தில் பஸ் இல்லை, ஹாரன் இல்லை. பின்னால் மலைக்கோட்டை மெல்லக் கிளம்பி எங்களோடு நடந்து வந்தது. முன்னால் ஸ்ரீரங்கத்துப் பெரிய கோபுரம் தெரிந்தது. நாங்கள் நடக்க நடக்கப் பாலம் இன்னும் கொஞ்சம் நீண்டு கொடுத்தது. போய்ச் சேர வேண்டும் என்று ஒருத்திக்கும் இல்லை. கீழே தண்ணீர் சத்தமில்லாமல் போனது. அத்தனை சுகமாக இருந்தது எனக்கு.

"ஏய். வேகத்த ஏத்துடி."

ஜாஸ்லினின் குரல். வாயிலிருந்த கிராம்பு நறுக்கென்று உடைந்தது. ஐயையோ! கை ஐம்பதில் இருந்தது. எத்தனை நேரமாகவோ தெரியவில்லை, ஏழாம் வகுப்பு மேடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜாஸ்லின் நினைத்திருந்தால் தன் பாட்டுக்கு அறுபதில் அடித்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். டிரம் அவளுடையதாகியிருக்கும். அவளோ என் ஐம்பதோடு ஒட்டிக்கொண்டே, உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "மெதுவா ஏத்து. ஒருத்தருக்கும் தெரியாது."

முடியும். பத்து அடியில் அறுபதுக்குப் போய்விடலாம். மேடைக்குக் கீழிருந்து மிஸ்ஸும் விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தார், சீக்கிரம், சீக்கிரம். கையை ஓங்கினேன்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஆறாம் வகுப்பு வந்தது.

ஆறாம் வகுப்பு ஒருநாளும் நடந்து வராது. ஓடித்தான் வரும். முன்னால் போகிற அக்காக்களின் நடைக்கு அதுகளின் கால் எட்டாது. நாலடி நடை, ரெண்டடி ஓட்டம், கால் மாறிப்போய் ஒரு குதி. வருஷா வருஷம் கூட்டம் கைகொட்டிச் சிரிக்கும். நான் ஆறாவது படிக்கும்போது என் ஷூ ஒன்று மேடைக்கு முன்னால் கழன்று விழுந்தது. விருந்தினரே சிரித்தார். அழுதுகொண்டே அதைப் பொறுக்கினேன்.

இன்றைக்கு அதுகள் நடந்து வந்தன. நூற்றைம்பது வாண்டுகள், ஒரே இடது கால். ஒன்றுகூடக் குதிக்கவில்லை. கடைசி வரிசையில், சட்டை முழங்கால் வரை தொங்கிய ஒரு பொடிசு, கழுத்து நரம்பு தெரிய விறைத்துக்கொண்டு, உலகத்தையே தான்தான் கூட்டிப் போகிற மாதிரி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

நான் ஏற்றினால் அதுகள் ஓடும்.

மிஸ்ஸின் விரலைப் பார்த்தேன். ஜாஸ்லினைப் பார்த்தேன். ஐம்பதிலேயே அடித்தேன். முழுசாக விழித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் எண்ணி, கடைசிப் பொடிசு மேடையைத் தாண்டும்வரை அடித்தேன். விருந்தினர் கை நடுங்க சல்யூட்டில் நின்றார்.

முடிந்ததும் மிஸ் நேராக என்னிடம் வந்தார். திட்டவில்லை. ஆறாம் வகுப்பு நடந்து வந்ததை அவரும் பார்த்திருந்தார்.

"தூங்கிட்டியாடி?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரக்கப்பட்டிருப்பாரோ என்னவோ. பாதி உண்மையும்கூட.

"மொதல்ல தூங்கிட்டேன் மிஸ். ஆறாவது வர்றப்ப முழிச்சுதான் இருந்தேன்."

டிரம்மை நோக்கிக் கையை நீட்டினார். "கழட்டு" என்றார்.

நானே கழற்றி ஜாஸ்லினுக்கு மாட்டினேன். என்னைவிட உயரம், பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்த வேண்டியிருந்தது. மதியம் கொடி இறக்க பேண்டு மறுபடியும் வாசிக்க வேண்டும். ஜாஸ்லின் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றாள்.

"எவ்ளோ வேகம்டி?" என்று என்னைக் கேட்டாள்.

"அறுபதுலயே அடி. கொடி எறக்கறப்ப யாரும் நடக்கமாட்டாங்க" என்றேன். சொல்லிவிட்டு ஷாமியானாவுக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன்.