சிரிப்பு வரவேண்டிய இடம்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் கல்யாணம் நடந்தாலும் மறுநாள் காலை மருமகள் சலாமுக்கு அம்மாதான் பாடுவாள். மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முகத்திரையோடு புதுப்பெண் நிற்பாள். அம்மா ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி கட்டிப் பாடி, கடைசியில் அவர் பெயரைச் சொல்லிச் சலாம் என்பாள். பெண் குனிந்து வணங்குவாள். வரிகள் எல்லாம் கேலிதான். மாமனாரின் குறட்டை, நாத்தனாரின் நாக்கு, கொழுந்தன் இரவல் வாங்கித் திருப்பித் தராத சைக்கிள் பம்பு. தன்னைக் கேலி செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு.

இந்த முறை கல்யாணம் எங்கள் வீட்டில், அண்ணன் சஞ்சாருக்கு. பாட அம்மாவுக்கு மூச்சு இல்லை.

வசந்தத்துக்கு வைத்திருந்த கல்யாணத்தை முன்னதாகவே இலையுதிர் காலத்துக்கு மாற்றியிருந்தோம். பெண்ணின் அண்ணன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறான், அதனால்தான் அவசரம் என்று அம்மாவிடம் சொன்னோம். வயிற்றில் இருப்பது வெறும் புண் என்றும் சொன்னோம். டாக்டர் சொன்ன உண்மை முதலில் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பிறகு ஹனிஃபா அத்தைக்கு. அத்தைக்குத் தெரிந்த பிறகு யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

என்னைக் காட்டி, நோஸிமா பாடட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் குடிநீர் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சோதனைக் குழாய்கள் பேசாது. அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். என்னால் முடியாது என்றேன்.

"கண்ண மூடிக்கிட்டுப் பாடு. உருகிப் பாடுறாளேன்னு நெனச்சுப்பாங்க" என்றாள்.

கல்யாணத்தன்று பகலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிலாவுச் சோற்றுக்கு வைத்திருந்த உலர்திராட்சையில் காம்பு கிள்ளிக்கொண்டே வரிகளைக் கட்டினேன். அத்தைக்கு முதலில் வந்தது.

தட்டை எண்ணி அடுக்கி வைப்பா, ஒண்ணு குறைஞ்சா ஊரே கேட்கும்,
விருந்து முடிஞ்சு போறவங்க பையைத் தடவித்தான் அனுப்பி வைப்பா,
ஹனிஃபா அத்தைக்குச் சலாம்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'தடவி' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்து, சிரிப்பு அங்கேதான் வரும், அது முடிவதற்குள் அடுத்த சொல்லை எடுக்காதே என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு தன்னுடையதைக் கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன்.

"எனக்குப் புகழ்ந்து வச்சிடாதடி. புகழ்ச்சி பொணத்துக்குப் பாடுறது. உசுரோட இருக்கவங்களுக்குக் கேலிதான் மரியாத."

எல்லாக் கல்யாண வீட்டிலும் அவள் சொல்வதுதான் இது. ஆனாலும் என் கையில் காம்பு நின்றுவிட்டது.

அம்மாவைக் கேலி செய்ய ஊருக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுதான் இருந்தது. கேரட் தடிமனாக நறுக்கப்பட்டால், மாவு பொங்காவிட்டால், யாராவது நேரம் கழித்து வந்தால், "நான் செத்தாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்" என்பாள். நான் குழந்தையாக இருந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் தம்பி எர்காஷ் மாமா வாசலில் நுழையும்போதே, அக்கா இந்த வாரம் எத்தனை தடவை செத்தாள் என்று விசாரிப்பார். வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்பான். கோடைக்குப் பிறகு மாமா விசாரிப்பதில்லை. அண்ணன் பதில் சொல்வதில்லை. அம்மா மட்டும் பழக்கத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருப்பாள்.

அண்ணன் என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் அழைத்துப்போனான். அம்மாவுக்கு நிலா, சூரியன், வீட்டு விளக்கு என்று ஏதாவது எழுது, வேறெதையும் தொடாதே என்றான். அந்தக் கேலி இல்லாவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்றேன்.

"அம்மா முன்னாடி நின்னு அந்த வார்த்தையச் சொல்லிடுவியா நீ? உன்னால ஆகுமா?"

ஆகாது என்றுதான் தோன்றியது. நிலாவை எழுதினேன். மற்றதையும் கட்டி மனதில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முற்றம் நிறைந்திருந்தது. திராட்சைக் கொடியின் கீழே மேசைகள், ரொட்டி, தேநீர்க் கிண்ணங்கள். புதுப்பெண் இரோதா வெள்ளைத் திரைக்குள் நின்றாள். அம்மாவை முதுகுக்குத் தலையணை வைத்து நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். மருமகளுக்குக் கொடுக்க வேண்டிய பட்டுத்துணி அவள் மடியில் இருந்தது. வயதில் மூத்தவள் என்று அத்தைக்கு முதலில் பாடினேன். 'தடவி'யில் நிறுத்தினேன். முற்றமே சிரித்தது. அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அடுத்து அவள். முகத்தை முன்னால் நீட்டி, கேலியை வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்துக்கு எதிரே நிலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சோறு குழைஞ்சாச் சாகப்போறா, மாவு பொங்கலன்னாச் சாகப்போறா,
சாவே வந்து கதவத் தட்டினா 'வேல கெடக்கு, அப்புறம் வா'ம்பா,
முகத்தஸ் அம்மாவுக்குச் சலாம்.

'தட்டினா' என்ற இடத்திலும் நிறுத்தினேன். பாட்டு முடிந்த பிறகும் யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் தரையைப் பார்த்தான். எதற்கும் சிரிக்கிற எர்காஷ் மாமா ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கினார். அத்தை தலைத்துணியின் முனையை வாயில் அழுத்திக்கொண்டாள். இரோதா குனிந்தவள் நிமிரவில்லை.

அம்மா புன்னகையோடுதான் இருந்தாள். அதை வைத்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எத்தனையோ முற்றங்களில் பாடியவள். ஒரு வரிக்குச் சிரிப்பு எங்கே வரவேண்டும், ஏன் வராமல் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? பார்வை கடைசியில் என்னிடம் வந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. வார்த்தை சரியாகத்தான் இருந்தது. நாங்கள் சிரிக்க மறந்துவிட்டோம்.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள் மெதுவாக. பிறகு அத்தையிடம் திரும்பினாள். "ஹனிஃபா அண்ணி, போதும். புள்ள குனிஞ்சபடியே நிக்கிறா பாருங்க."

பட்டுத்துணியை எடுத்து இரோதாவின் தோளில் போட்டாள். அடுத்ததைப் பாடு என்று எனக்குக் கைகாட்டினாள். மாமாவின் காரை நாலு பேர் தள்ள, மாமா உள்ளே உட்கார்ந்து பாட்டுப் பாடுவதைப் பற்றிய வரிகள். எல்லோரும் சிரித்தார்கள். மிகவும் நீளமாக, ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்கி.

விருந்தாளிகள் போன பிறகு அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு, தன் பாட்டை இன்னொரு தரம் பாடச் சொன்னாள். பாடினேன். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சிரித்தாள், தனியாக. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வசந்தத்துல நவ்ரூஸ் பண்டிகை வரைக்குமாவது இருப்பேனா?"

மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அவள் கேட்டதற்கெல்லாம், உயிரியல் படித்தவளாயிற்றே என்று நம்பி என்னைக் கேட்டதற்கெல்லாம், பொய்யே சொல்லிவந்தேன்.

"அதுக்கு முன்னாடியேன்னு டாக்டர் சொன்னாங்கம்மா" என்றேன்.

அவள் கையை விடவில்லை. வெளியே அண்ணனும் மாமாவும் மேசைகளை மடக்கும் சத்தம். இரோதா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அந்தத் துடைப்பச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காஞ்ச தரையில கூட்டுறா, கண்ணு. புழுதி பறக்கும். தண்ணி தெளிச்சுக்கச் சொல்லு, போ."

எழுந்து போனேன்.