நூற்றிருபது பவுண்டு உப்பு

எழுபத்திரண்டாம் வருடக் கோடையில் ஹார்லனின் பச்சை வண்டியை முந்த அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரத்தில் ஆள் கிடையாது. சனிக்கிழமை மாலையானால் பர்கர் கடை வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்துவான். பக்கத்து இருக்கையில் அவன் காதலி நேடின். கார் ஜன்னலில் தட்டை மாட்டி ரூட் பியர் என்ற குளிர்பானத்தை வைத்துவிட்டுப் போவார்கள். பெட்ரோல் தண்ணீர் விலைக்குக் கிடைத்தது, முழங்கால் வலி என்றால் என்னவென்றே தெரியாது. நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அந்தப் பெரிய எஞ்சினின் கனம் முழுவதும் வண்டியின் மூக்கில்தான். நேர்ச் சாலையில் புலி, வளைவில் எருமை. ஆகஸ்டில் ஒரு நாள் ஏரிச் சாலை வளைவில் அது நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கியது. நேடினுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அடுத்த வருடம் ஹார்லனையே கட்டிக்கொண்டாள். ஆனால் அந்த வண்டியில் மட்டும் மறுபடி ஏறவில்லை.

யார் கேட்டாலும், "வண்டி திரும்பல" என்பான் ஹார்லன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாற்பது வருடமாக அதையே சொல்ல அவனுக்கு நாக்கும் கூசவில்லை.

தொழிற்சாலையில் ஓய்வு கொடுத்ததும் கொட்டகையில் கிடந்த வண்டியைப் பிரித்தான். நான்கு வருட வேலை. மூக்கின் கனம் குறைய எஞ்சினின் இரும்பு மேல்மூடிகளை எடுத்துவிட்டு அலுமினியத்தில் போட்டான், பேட்டரியைப் பின்னால் டிக்கிக்குக் கொண்டுபோனான், ஸ்பிரிங், பிரேக், ஸ்டியரிங் என்று ஒன்றையும் விடவில்லை. அசல் பாகங்களைக் கழற்றுகிறானே என்று பழைய கார்க்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடிக்கட்டும். நேடின் அந்த இருக்கையில் மறுபடி உட்கார வேண்டும், அவனுக்கு அவ்வளவுதான்.

கடைசி வேலைக்கு நண்பன் லெராய் நான்கு எடைமேடைகளோடு வந்தான். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, ஓட்டுபவரும் உட்கார்ந்த பிறகு, நான்கு மூலையின் கனத்தையும் ஸ்பிரிங்குகளைத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஹார்லன் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தான். பக்கத்து இருக்கையில் மூன்று உப்பு மூட்டைகள், ஒவ்வொன்றும் நாற்பது பவுண்டு.

"ஓட்டறவன் கனம் மட்டும் போதும்டா. இது எதுக்கு?" என்றான் லெராய்.

"அது நேடின்."

காபியோடு வந்த நேடின் அதைக் கேட்டுவிட்டாள். மூட்டைகளை எண்ணினாள். "நூத்தியிருபதா? அது கல்யாணத்துக்கு முந்தின கணக்குப்பா."

"சரி, இப்போ எவ்வளவு?" என்றான் லெராய், விவரம் தெரியாமல்.

"நாப்பது வருஷமா இவன்கிட்டயே சொன்னதில்ல, உன்கிட்ட சொல்றேனா?"

"சொல்லலன்னா வண்டி நேரா நிக்காது. ஹார்லன் செஞ்சதெல்லாம் வீண்."

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு காபியைக் கீழே வைத்துவிட்டு, "மூட்டையை இறக்கு. நம்பரை வாய்விட்டுப் படிச்சியோ, இந்தக் காபி உன் தலையிலதான்" என்றாள். லெராய் மூட்டைகளை இறக்க, உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள்.

ஹார்லன் அவள் பக்கம் திரும்பினான். "பாத்தியா, இப்போ முன்னாடி கனமே இல்ல. இனிமே அந்த வளைவுல…"

"எனக்கு வண்டி மேல எப்பவும் பயமில்ல, ஹார்லன்."

"அப்புறம் ஏன் ஏறல?"

"நீ ஒரு தடவையாவது சொல்லுவன்னு பாத்தேன்."

ஹார்லன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். நான்கு வருடம் இரும்பில் தேடியது இரும்பில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அன்னைக்கு மெதுவா போன்னு நீ சொன்ன," என்றான் கடைசியில். "எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் மிதிச்சேன். தப்பு என்னோடதுதான், நேடின்."

அறுபத்திரண்டு வயது ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதான். நேடின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்சக்கரத்தருகே குனிந்திருந்த லெராய்க்கு எதுவும் தெரியாது. "யாருப்பா ஆடறது? நம்பர் நிக்கவே மாட்டேங்குது" என்று கத்தினான்.

"கொஞ்சம் பொறு, லெராய்," என்றாள் நேடின். "நாங்க எங்கயும் இறங்கிப் போகல."