ஒரு நூல் குறைவு

பிப்ரவரி பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. இரண்டாம் மாடி வீட்டின் கூடத்தில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் உடலுக்கு மூன்றடி தள்ளி, அவருடைய மகள் மண்டியிட்டு கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு வண்டி வரும்.

காலையில் கூடத்தை ஒழுங்குபடுத்திய அத்தை, அப்பாவின் அக்கா, ஆம்பைத் துடைத்துவிட்டு நான்கு குமிழ்களையும் பூஜ்யத்தில் நிறுத்தியிருந்தாள்.

"ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாலு பேரு வந்து போற நேரத்துல, பாக்க லட்சணமா இருக்க வேணாமா?"

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். போன வாரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்: "என்னைத் தூக்கறப்போ என் மெட்ட வாசிக்கச் சொல்லு. சோகமா இழுக்கக் கூடாது. என் சவுண்டு வேணும், பளிச்சுனு." மகள் சரி என்றிருந்தாள்.

வாசிக்க வந்தவர் மருந்துக்கடைக்காரர். இருபத்தாறு வருடம் அப்பாவோடு ஒரே இசைக்குழுவில் இருந்தவர். அப்பாவின் கிட்டாரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது உங்கப்பா இல்லம்மா. யாரோ கம்பளியப் போத்திக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு."

கிட்டார் பெட்டிக்குள் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு கிடைத்தது. கெயின் 3. பேஸ் 4. மிடில் 6. ட்ரெபிள்: அவள் சத்தம் போடும்வரை, பிறகு ஒரு நூல் குறைவு.

இருவரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அழவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

மருந்துக்கடைக்காரர் வாசிக்க, மகள் மற்ற மூன்றையும் சீட்டின்படி வைத்துவிட்டு, ஒலியைக் கூர்மையாக்கும் ட்ரெபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஏழில், துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒன்பதில், கீழ்வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. பத்துக்கு மேல் குமிழில் எண் இல்லை. அம்மா அசையவில்லை.

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். "உங்கம்மா எங்க இருந்து கத்துவாங்க?"

"சமையலறையில இருந்து."

மகள் எழுந்துபோய் அம்மாவின் தோளைத் தொட்டாள். "அம்மா, ஒரு நிமிஷம் சமையலறைக்குப் போறியா?"

"புருஷன இங்க கிடத்திட்டு அவளுக்கு அங்க என்னடி வேலை?" என்றாள் அத்தை.

"அப்பா குடுத்த வேலைதான், அத்தை."

அம்மா யாரையும் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் நகர்ந்தது. மகள் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தாள். ஐந்து. ஆறு. ஏழரையைத் தாண்டியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, கொறைங்க. காது போகுது."

குழாய் நின்றது. மருந்துக்கடைக்காரர் தந்திகள் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். மகள் குமிழை ஒரு நூல் பின்னால் திருப்பினாள்.

வண்டி பத்து நிமிடம் தாமதமாக வந்தது. மெட்டு இரண்டு முறை வாசிக்கப்பட்டது. துடைக்கும் துணி அத்தையின் கையில்தான் இருந்தது. அவள் ஆம்பின் பக்கம் போகவில்லை.