ஒரு முடியில் பாதி தூரம்

மலைக்குப் போகும் பேருந்து அன்று வரவேயில்லை. கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் நர்மதா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரவள்ளிக் கிழங்கை இறக்கிவிட்டுத் திரும்பிய குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்று அவள் எதிரில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ராஜேஷ். அவளுடைய தாய்மாமன் மகன். அவள் கட்டிக்கொள்வதாக இருந்தவன். பக்கத்தில் அவன் மனைவி தமிழ்மொழி.

"கரியாலூருக்குத்தானே? ஏறுங்க," என்றான்.

அந்த 'ங்க' அவளைச் சுருக்கென்று தைத்தது. சிறுவயதிலிருந்து "இன்னா நர்மதா" என்றே கூப்பிட்டுப் பழகியவன். தமிழ்மொழி நகர்ந்து இடம் கொடுத்தாள். மூன்று பேரும் நெருக்கி உட்கார, வண்டி மலையேறியது.

பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது நர்மதா இரண்டு வருஷம் பொறுக்கச் சொன்னாள். ராஜேஷ் உடனே சம்மதித்தான். அப்புறம் இந்த அளவீடு முடியட்டும், அந்தக் கருவி வரட்டும் என்று காலம் நீண்டுகொண்டே போனது. ஒருநாள் அவனே போன் செய்தான். "வேணாம்னா வேணாம்னு சொல்லிடு நர்மதா. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்." கருவியில் ஒரு தகடு கோணிக்கொண்டு அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்த சமயம் அது. "பொங்கலுக்கு வந்து பேசறேன் மாமா" என்று வைத்துவிட்டாள். பொங்கலுக்கு வரவில்லை. ஊரில் ஒருவன் தனக்காகக் காத்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெம்பாக இருந்தது. அந்தத் தெம்பைக் கைவிட மனம் வரவில்லை. அடுத்த வருஷம் அவன் கல்யாணச் செய்தி வந்தது.

"இவரு சொல்லிக்கினே இருப்பாரு, நீங்க பெரிய ஆராய்ச்சி பண்றீங்கன்னு. இன்னாக்கா அது?" என்று கேட்டாள் தமிழ்மொழி.

வண்டியின் முகப்பில் பொட்டளவு காந்தம் ஒன்று ராஜேஷின் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. நர்மதா அதைக் காட்டினாள். "கீழ மொத்த பூமியும் இந்தப் போன இழுக்குது. இத்தினூண்டு காந்தம் வுடமாட்டேங்குது. அப்டின்னா பூமியோட இழுப்பு எவ்ளோ கம்மின்னு பாரு. ஏன் அவ்ளோ கம்மின்னு யாருக்கும் தெரியல."

"கம்மியா? பலா மரத்துலருந்து வுழுந்து எங்க சித்தப்பாவுக்கு இடுப்பு ஒடஞ்சிச்சே!"

ராஜேஷ் சிரித்தான். நர்மதாவுக்கும் சிரிப்பு வந்தது. "மின்சாரத்துல பிளஸ், மைனஸ்னு ரெண்டு ஜாதி இருக்குது. ஒண்ண ஒண்ணு அடக்கிடும். இழுப்புக்கு அந்த மாதிரி எதிரி கெடையாது. துளித்துளியா சேந்துகினே போயி, பூமி அளவுக்கு ஆனா இடுப்ப ஒடைக்கும்."

"சரி, நீங்க இன்னா தேடுனீங்க?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாத வேற தெசைங்க இருக்கலாம், இழுப்பு அதுல கசிஞ்சு போறதாலதான் நமக்குக் கம்மியாத் தெரியுதுன்னு சிலபேர் நெனைக்கிறாங்க. அது நெசம்னா, ரெண்டு பொருள ரொம்பக் கிட்ட கொண்டாந்தா இழுப்பு கணக்குக்கு மேல ஜாஸ்தியாவணும். தலைமுடி கனத்துல பாதி தூரம் வரைக்கும் போயி பாத்தோம். தெருவுல லாரி போனாக்கூட கருவி ஆடிடும். திரும்பத் திரும்பப் பாத்தோம்."

"ஜாஸ்தியாச்சா?"

"இல்ல."

தமிழ்மொழிக்குப் பாவமாகிவிட்டது. "இத்தினி வருஷம் வீணாப்பூடுச்சாக்கா?"

"வீணில்ல. அங்க இல்லன்னு நாங்க சொல்லிட்டா, மத்தவங்க அங்கயே நின்னுகினு இருக்காம வேற எடத்துல தேடப் போவாங்க."

ராஜேஷ் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பி முடித்தான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அது நல்ல காரியம். இல்லன்னா இல்லன்னு சொல்லிடணும்."

அவன் குரலில் கோபமில்லை, குத்தலுமில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. கரியாலூர் வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்பதா, வேறு ஏதாவது சொல்வதா என்று அவளுக்கே தெளிவில்லை. அவன் சாமைக் கொல்லையில் இருந்தான். சரிவின் அடியில் அவன் குனிந்து களை எடுப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. தமிழ்மொழி டீ போட்டுக் கொடுத்தாள்.

"கூப்ட்டா வந்துடுவாரு. கூப்புடட்டுமாக்கா?"

"வேணாம். வேலயக் கெடுக்காத."

டீ ஆறும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். குடித்துவிட்டு எழுந்தாள்.

"மாமாகிட்ட..." என்று தொடங்கினாள்.

"இன்னா சொல்லட்டும்?"

காத்திருந்து நேரில் சொல்ல வேண்டியதை இவளிடம் சொல்லி அனுப்ப எப்படி முடியும்? காத்திருக்கவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"நான் கெளம்பிட்டேன்னு சொல்லு," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.