கட்டியவன் நிற்கும் இடம்

சிறையிலிருந்து விடுதலையாகி வந்த சாரக்காரனுக்கு மேஸ்திரி மணல் சலிக்கும் வேலையைக் கொடுத்தார்.

"சலிக்க மாட்டேன். சாரம்தான் கட்டுவேன்."

"ஏம்ப்பா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு கம்முனு இரேன்."

"எங்க தலைப்பாகையோட போச்சு? ஒம்பது வருசம் போச்சு மேஸ்திரி."

அவன் கட்டிய சாரம் சரிந்து ஒரு கொத்தனார் செத்துப்போனார். அதற்கு முந்தின நாள் இருவருக்கும் வாய்ச்சண்டை. குழாய்களை இணைக்கும் கிளாம்பை வேண்டுமென்றே தளர்த்தினான் என்று உள்ளே போட்டார்கள். மேல்முறையீட்டில்தான் உடைந்த கிளாம்பைச் சோதித்தார்கள். வார்ப்பிலேயே விரிசல். செத்தவரின் தம்பிக்கும் இப்போது இதே கட்டடத்தில்தான் கொத்து வேலை.

மேஸ்திரி அரைமனதாக மேற்குச் சுவரைக் காட்டினார். சாரக்காரன் குழாய்களை நிறுத்தி, கிளாம்புகளைத் தட்டிப் பார்த்துப் பூட்டினான். சத்தம் சரியில்லாததைத் தூர எறிந்தான். கட்டியவன் முதலில் ஏறிப் பலகையை மிதித்துக் காட்ட வேண்டும். பிறகு இறங்கி, ஆள் ஏறும்வரை குழாயடியில் நிற்க வேண்டும். அதுதான் தொழில்முறை. மேலே குதித்துக் காட்டிவிட்டு வந்து நின்றான்.

ஒருவரும் வரவில்லை.

"மாப்பிள்ளை விறைப்பா நிக்கிறாரு, பொண்ணைத்தான் காணோம்!" என்றாள் சித்தாள் அக்கா. சிரித்தார்கள்.

தம்பிக்காரன் கொத்துக் கரண்டியோடு வந்தான். "நான் ஏறுறேன். நீயும் என்கூட மேல நிக்கணும். விழுந்தா சேர்ந்தே விழுவோம்."

ஏறுவது சுலபம். வேலை நிலைத்துவிடும். ஆனால் வேறெந்தச் சாரக்காரனையும் யாரும் இப்படிப் பணயமாக நிறுத்தியதில்லை. இன்றைக்கு ஏறினால் ஆயுசுக்கும் ஏற வேண்டும்.

"மாட்டேன். கட்டினவன் இடம் இதான்."

"கோர்ட்டு விட்டுருச்சுங்கிற திமிரா?"

"உள்ள போட்டதும் அதே கோர்ட்டுதான். அத நீ நம்ப வேணாம். இந்தா ஸ்பேனர், தட்டிப் பாரு. மனசு ஒப்பலைன்னா ஏறாத. கழட்டிட்டு நாளைக்குக் கட்டுவேன். நாளன்னைக்கும் கட்டுவேன்."

தம்பிக்காரன் வெடுக்கென்று வாங்கினான். ஒவ்வொரு கிளாம்பாகத் தட்டினான். ஒன்றை முழுப் பலத்தோடு திருகிப் பார்த்தான், அசையவில்லை. ஸ்பேனரைச் சாரக்காரனின் காலடியில் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமலே ஏறினான்.

பிடித்திருந்த குழாய் வழியே அந்த மிதிகள் ஒவ்வொன்றாகச் சாரக்காரனின் உள்ளங்கைக்கு இறங்கின. பலகையில் எடை உட்கார்ந்ததும் குழாய் அடங்கியது.

"வேடிக்கை பாக்கவா ஏறுனேன்? கலவை எங்க?" மேலிருந்து கத்தல் வந்தது.

சித்தாள் அக்கா சட்டியைத் தூக்கினாள். சாரக்காரன் அடுத்த குழாயை இழுக்கப் போனான்.